சம்பவ அறிக்கைகளின் தரக் கிரயம்: நான்கு அளவீட்டு முறைகளில் எது யாருக்குப் பொருந்தும்?

நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலும், மருந்தின் அளவு மாறிப்போனாலும், ஒருவருக்குரிய இரத்தப் பொதி இன்னொருவரின் கட்டிலருகே வந்து கடைசி நிமிடத்தில் திருப்பியனுப்பப்பட்டாலும், சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்று நிரப்பப்பட வேண்டும் என்பதைக் கொழும்பின் வைத்தியசாலைகளில் இன்று யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. படிவங்கள் கோவைகளில் சேர்ந்த பின்னர், "இந்தச் சம்பவங்களால் நமக்கு ஆகும் செலவு எவ்வளவு, இவற்றை ஆராய்வதற்கு ஆகும் செலவு எவ்வளவு, இரண்டில் எது பெரிது?" என்று பணிப்பாளரோ கணக்காளரோ கேட்கும்போது, தர முகாமைத்துவப் பிரிவில் இருப்பவர்கள் எந்த முறையைக் கையிலெடுப்பது என்று தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. ஒரே வைத்தியசாலையின் ஒரே ஆண்டுக் கோவையை நான்கு முறைகளில் கணக்கிட்டால் நான்கு தொகைகள் வரும். அவற்றுள் ஒன்று மற்றதன் பல மடங்காகவும் இருக்கலாம்.

தரக் கிரயம் என்பது தரத்தைப் பேணச் செலவிடும் தொகையும், தரம் தவறியதால் செலவாகும் தொகையும் (தோல்விக் கிரயம்) சேர்ந்தது. தொழிற்சாலைகளுக்காக உருவான இந்தக் கருத்தை வைத்தியசாலைக்குள் கொண்டுவரும்போது எங்கெங்கே இடறுகிறது என்பதைக் கவனித்தால், முறையைத் தெரிவு செய்வது ஓரளவு எளிதாகும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும் என்பது என் கணிப்பு. அவற்றுள் முதலாவது மற்ற நான்கையும் விடக் கனமானது.

அறிக்கைகளின் எண்ணிக்கை கூடினால் இந்த முறை என்ன சொல்லும்? சம்பவங்களின் எண்ணிக்கையும் சம்பவ அறிக்கைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. அமெரிக்க சுகாதார, மனித சேவைகள் திணைக்களத்தின் கண்காணிப்பாளர் நாயகம் அலுவலகம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரச காப்புறுதியின் கீழ் சிகிச்சை பெற்ற முதியோருக்கு வைத்தியசாலையில் நேர்ந்த பாதிப்புகளில் ஏறத்தாழ 14 சதவீதமே சம்பவ அறிக்கைகளாகப் பதிவாகியிருந்தன. எஞ்சியவை நடந்தன, எழுதப்படவில்லை. ஆகவே ஒரு விடுதியில் அறிக்கைகள் இரட்டிப்பாகும்போது, அங்கே பராமரிப்பு மோசமடைந்ததா, அல்லது எழுதுவதற்கிருந்த அச்சம் நீங்கியதா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. அச்சம் நீங்கியதை நட்டமாகக் காட்டும் எந்த அளவீட்டு முறையும், சில மாதங்களிலேயே அந்த அச்சத்தைத் திரும்ப வரவழைத்துவிடும்.

யாருடைய செலவு கணக்கில் வருகிறது? வைத்தியசாலையினதா, சுகாதார அமைச்சினதா, நோயாளியின் குடும்பத்தினதா, காப்புறுதி நிறுவனத்தினதா?

மிச்சமாவது காசா, இடமா? அரச வைத்தியசாலையில் படுக்கைப் புண் ஒன்றைத் தவிர்த்து ஒரு நோயாளியைப் பத்து நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பத்து நாளுக்குரிய தாதியர் சம்பளம் திறைசேரிக்குத் திரும்பிப் போவதில்லை. அந்தக் கட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவர் எழுந்து கட்டிலுக்கு வருகிறார். இது மெய்யான பயன். ஆனால் அதை "சேமித்த ரூபாய்" என்று எழுதினால் கணக்காளர் அந்தக் காசு எங்கே என்று கேட்பார், கேட்பதும் சரியே.

எந்த அலகில் அளக்கிறது? 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணய மாற்று வீதம் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதியாகும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் காயக்கட்டுப் பொருளும் அதற்கேற்ப விலையேறின. ரூபாயில் மட்டும் கணக்கு வைத்திருந்த ஒரு பிரிவுக்கு, ஒரு தொற்றுகூடக் கூடாத நிலையிலும், தோல்விக் கிரயம் பாய்ந்தேறியதாகவே தோன்றியிருக்கும்.

அளப்பதற்கு எவ்வளவு செலவாகும்? இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அளப்பவரும் சம்பளம் வாங்குபவரே.

## முதலாவது முறை: நாற்பெட்டிக் கணக்கு

ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1956இல் முன்வைத்த வகைப்பாட்டிலிருந்து வளர்ந்த முறை இது. தவிர்ப்புக் கிரயம், மதிப்பீட்டுக் கிரயம், உள்ளகத் தோல்விக் கிரயம், வெளியகத் தோல்விக் கிரயம் என்ற நான்கு பெட்டிகளில் எல்லாச் செலவும் பிரிக்கப்படும். முகாமைக் கணக்கீடு படித்த எவருக்கும் இது பழக்கமானது என்பதால், கணக்காளருடன் பேசுவதற்கு இதைவிட இலகுவான மொழி வேறில்லை.

பெட்டிகளை வைத்தியசாலைக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. தவிர்ப்பில் பயிற்சி, மருந்துச் சீட்டுகளை ஒழுங்குபடுத்துதல், கட்டில் கம்பிகளைப் பழுதுபார்த்தல் ஆகியன வரும். கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை ஜப்பானிய '5எஸ்' ஒழுங்கமைப்பைக் கையாண்டு நாட்டுக்கே முன்மாதிரியானது. ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜைக்கா அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்குப் பாடமாகவே எடுத்துச் சென்றது. அப்படியொரு திட்டத்தில் வாங்கிய பொருட்களின் செலவைவிட ஊழியர் கொடுத்த நேரத்தின் செலவே பெரிது. ஆனால் பேரேட்டில் பெயின்ற்றுக்கும் பெயர்ப்பலகைக்கும்தான் பற்றுச்சீட்டு இருக்கும், நேரத்துக்கு இராது. பற்றுச்சீட்டை மட்டும் நம்பினால் தவிர்ப்புப் பெட்டி எப்போதும் மெலிந்தே தெரியும்.

மதிப்பீட்டில் படிவம் எழுதுதல், வாசித்தல், வகைப்படுத்தல், விசாரணை ஆகியன வரும். இங்கே ஒரு சிறு விலகல் அவசியமாகிறது. படிவம் எந்த மொழியில் இருக்கிறது என்பதும் ஒரு கிரயக் காரணி. கொட்டாஞ்சேனையிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து தமிழில் மட்டும் பேசும் நோயாளியிடம் "மாத்திரையை எப்போது போட்டீர்கள்?" என்று சரியாகக் கேட்க ஆளில்லாததால் நேரும் பிழை, ஆங்கிலப் படிவத்தில் "மருந்துப் பிழை" என்று மட்டும் பதிவாகும். அதன் வேர் மொழியில் இருந்தது என்பது எங்கும் எழுதப்படாது. சுகாதார உதவியாளர் ஒருவர் கண்ணால் கண்ட சம்பவத்தை, ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி விட்டுவிடுவதும் உண்டு. மும்மொழிப் படிவம் அச்சிடுவதும், விடுதியில் மொழி தெரிந்தவரை நிறுத்துவதும் தவிர்ப்புக் கிரயங்கள்; அவற்றை அப்படியே எழுதிக் காட்டுவது இந்த முறையில் இயலும்.

உள்ளகம், வெளியகம் என்ற பிரிவில் பலர் தடுமாறுகிறார்கள். தொழிற்சாலையில் எல்லை, பண்டம் வெளியேறும் வாசற்கதவு. வைத்தியசாலையிலோ வாடிக்கையாளர் கதவுக்கு உள்ளேயே படுத்திருக்கிறார். ஆகையால் நோயாளி வீடு திரும்பிய பின் தெரியவருவதே வெளியகத் தோல்வி என்று கொள்வதைவிட, நோயாளியைத் தொடும் முன் பிடிபட்டது உள்ளகம், தொட்டுவிட்டது வெளியகம் என்று வகுப்பதே பொருத்தம். இப்படி வகுத்தால் மேலே சொன்ன இரத்தப் பொதி உள்ளகத்தில் விழும். தவறான அளவில் ஏற்றப்பட்ட இன்சுலின் வெளியகத்தில் விழும். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் உள்ளகப் பெட்டியில் பெருகி, வெளியகப் பெட்டி சுருங்குமானால், தடுப்புகள் வேலை செய்கின்றன என்று படிக்கலாம். எண்ணிக்கை கூடுவதை நல்ல செய்தியாகவும் படிக்க இடம்தரும் ஒரு வாசல் இந்த முறையில் இருப்பது அதன் பெரிய பலம்.

மறைந்திருக்கும் கிரயம் எது? யாருடைய செலவு என்ற கேள்வியை இந்த முறை தானாகக் கேட்பதில்லை. கொழும்பில் இது இரு வேறு திசைகளில் பிழைக்கிறது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால், மேலதிகமாகத் தங்கிய நாட்களின் செலவு நோயாளியின் பட்டியலாக ஒருபோதும் உருவெடுப்பதில்லை; பட்டியல் இல்லாததால் செலவே இல்லை என்ற மயக்கம் வருகிறது. திருகோணமலையிலிருந்து தாயை அழைத்துவந்து, உறவினர் வீட்டில் ஒண்டியிருந்து, நாட்கூலியை இழந்து, வெளிமருந்தகத்தில் மருந்து வாங்கிக் கொடுத்த மகனின் செலவு எந்தப் பெட்டியிலும் இல்லை.

தனியார் வைத்தியசாலையில் நிலைமை தலைகீழ். சத்திரசிகிச்சைக் காயத்தில் தொற்று ஏற்பட்டு நோயாளி மேலும் ஐந்து நாள் தங்கினால், அந்த ஐந்து நாள் அறைக் கட்டணமும் மருந்தும் ஆய்வுகூடப் பரிசோதனையும் வருமானமாகவே பதிவாகின்றன. தோல்வி, பேரேட்டில் விற்பனையாகத் தெரிகிறது. முழுத் தொகையும் முன்கூட்டியே பேசப்பட்ட சிகிச்சைப் பொதியாக இருந்தால் மட்டுமே அது வைத்தியசாலையின் செலவாகிறது. எனவே தனியார் துறையில் நாற்பெட்டிக் கணக்கைக் கையாள்பவர்கள், ஒவ்வொரு தோல்வித் தொகையின் எதிரிலும் "வைத்தியசாலை ஏற்றது, நோயாளி செலுத்தியது, காப்புறுதி செலுத்தியது" என்று மூன்று நிரல்கள் வைக்காவிட்டால், கணக்கை எழுதாமலிருப்பதே மேல். இந்த மூன்று நிரல்களை முகாமைச் சபைக்குக் காட்டுவது சங்கடமான காரியம் என்பதை அறிவேன்.

இன்னொரு கவனம் இரட்டைப் பதிவு பற்றியது. தடுப்பூசிக்குப் பிந்திய பாதக விளைவுகள் தொற்றுநோயியல் பிரிவுக்கும், தாய் மரணங்கள் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும், இரத்தமேற்றலின் எதிர்விளைவுகள் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்துக்கும் தனித்தனி வழிகளில் அறிவிக்கப்படுகின்றன. அதே சம்பவம் பொதுப் படிவத்திலும் எழுதப்பட்டிருந்தால், விசாரணை நேரத்தை இருமுறை எண்ணிவிடுவது மிக எளிது.

## இரண்டாவது முறை: நிலையான விலை அட்டவணை

சம்பவங்களைத் தீவிரத்துக்கேற்ப வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சராசரி விலை வைத்து, அறிக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. ஒரு பிற்பகலில் எக்செல் தாளில் முடிந்துவிடும். சபைக் கூட்டத்தில் ஒற்றைத் தொகையாகச் சொல்லலாம். ஆகவே எல்லோருக்கும் முதலில் இதுதான் பிடிக்கிறது. எனக்கோ நான்கிலும் இதன்மீதுதான் நம்பிக்கை குறைவு.

காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். நடுத்தரச் சம்பவம் ஒன்றுக்கு 40,000 ரூபாய் என்று அட்டவணை சொல்கிறது என்று கொள்வோம். 'அ' விடுதி ஒரு மாதத்தில் 12 அறிக்கைகள் தருகிறது; 'ஆ' விடுதி 3 தருகிறது. அட்டவணைப்படி 'அ' விடுதியின் தோல்விக் கிரயம் 480,000 ரூபாய்; 'ஆ' விடுதியினது 120,000 ரூபாய். 'ஆ' விடுதியின் பொறுப்புத் தாதிக்குப் பாராட்டுக் கடிதமும், 'அ' விடுதியின் பொறுப்புத் தாதிக்கு விளக்கம் கோரும் கடிதமும் போகும். மறுமாதம் 'அ' விடுதியும் 3 அறிக்கைகளே தரும். கிரயம் நான்கில் ஒன்றாகிவிட்டது என்று வருடாந்த அறிக்கையில் எழுதலாம். விழுந்தவர்கள் தொடர்ந்து விழுந்துகொண்டிருப்பார்கள்.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களுக்கு இந்த அட்டவணை வைக்கும் விலை பெரும்பாலும் பூச்சியம். பாதிப்பில்லை, ஆகவே செலவில்லை என்ற தர்க்கம். கற்பதற்கு மிகுதியாக உள்ள அறிக்கைகளைப் பூச்சியமாக்கும் கணக்கு, அவற்றை எழுதுபவர்களுக்கு என்ன சொல்கிறது என்பதை ஊகிக்கலாம்.

அட்டவணை விலைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டியது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு, தனது உறுப்பு நாடுகளில் வைத்தியசாலைச் செயற்பாட்டினதும் செலவினத்தினதும் ஏறத்தாழ 15 சதவீதம் பாதகமான சம்பவங்களின் விளைவு என்று மதிப்பிட்டது. அந்த வீதத்தை எடுத்து ஒரு கொழும்பு வைத்தியசாலையின் வரவுசெலவுத் தொகையுடன் பெருக்குவது பெரும்பிழை. அங்கே ஊழியர் சம்பளம் செலவின் பெரும்பகுதி. இங்கே சம்பளம் ஒப்பீட்டளவில் தாழ்ந்தது, இறக்குமதிப் பொருளின் பங்கு உயர்ந்தது. ஒரே அளவு தொற்று இரு இடங்களிலும் வெவ்வேறு விகிதத்தில் பணத்தைத் தின்னும்.

அப்படியானால் இது எப்போது பொருந்தும்? முதலீட்டு முன்மொழிவு ஒன்றுக்கு மட்டும். கட்டில் கம்பிகளை மாற்ற நிதி கேட்கிறோம், ஒரு இடுப்பெலும்பு முறிவுக்குச் சராசரியாக எவ்வளவு செலவாகிறது என்ற பருமட்டான தொகை தேவை என்ற சந்தர்ப்பத்தில், உள்ளூரிலேயே சில நோயாளர் கோவைகளை எடுத்துச் செய்த அட்டவணை போதுமானது. விடுதிகளை ஒப்பிடுவதற்கு அதை எடுத்த நாளிலிருந்து அது கெடுதல் செய்யத் தொடங்கும்.

## மூன்றாவது முறை: நேரத்தை அடிப்படையாகக் கொண்ட கிரயம்

ரொபர்ட் கப்லனும் ஸ்டீவன் அண்டர்சனும் 2004இல் விளக்கிய முறை. இரண்டு தரவுகள் போதும்: ஒருவரின் ஒரு நிமிட வேலைக்கு ஆகும் செலவு, அந்தக் காரியத்துக்கு ஆகும் நிமிடங்கள். சம்பவத்தால் நோயாளிக்கு ஏற்பட்ட விளைவை இது தானாக அளக்காது; அறிக்கையிடல் என்னும் வேலைக்கு ஆகும் செலவை மிகத் துல்லியமாக அளக்கும்.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சம்பளம், கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்துத் தாதிய உத்தியோகத்தர் ஒருவருக்கு மாதம் 120,000 ரூபாய் ஆகிறது. அவர் மாதம் 150 மணித்தியாலம் கடமையில் இருந்தாலும், ஓய்வும் கடமை ஒப்படைப்பும் போகப் பயன்படுத்தத்தக்கது 80 சதவீதமே. அதாவது 120 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 1,000 ரூபாய். ஒரு படிவத்துக்கு 20 நிமிடம் என்றால் 333 ரூபாய். மாதம் 40 படிவங்களுக்கு 13,333 ரூபாய். அவற்றை வாசித்து வகைப்படுத்த ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம், மொத்தம் 10,000 ரூபாய். இரண்டு சம்பவங்கள் முழு விசாரணைக்குப் போகின்றன. ஐந்து பேர் ஒன்றரை மணித்தியாலம் அமர்கிறார்கள், விசேட வைத்திய நிபுணரும் இருப்பதால் சராசரி மணித்தியாலத்துக்கு 2,000 ரூபாய், ஆக ஒரு விசாரணைக்கு 15,000. ஆயத்த வேலைக்கு மேலும் 9,000. இரண்டு விசாரணைகளுக்கும் சேர்த்து 48,000 ரூபாய். மாதச் செலவு 71,333 ரூபாய்.

இதில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டே விசாரணைகளுக்குப் போயிருக்கிறது. அறிக்கைகள் 80 ஆக இரட்டித்து, விசாரணைகள் இரண்டாகவே இருந்தால், மொத்தச் செலவு 94,667 ரூபாயாகும். மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றம். ஓர் அறிக்கைக்கான சராசரி ஏறத்தாழ 1,780 ரூபாயிலிருந்து 1,180 ரூபாயாக இறங்குகிறது. மக்களை எழுதச் செய்வது மலிவு, எல்லாவற்றையும் விசாரிப்பதே விலையுயர்ந்தது என்பதை இந்த முறை நேராகக் காட்டுகிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, பாரதூரமான சம்பவங்களுக்கென 2015இல் வகுத்த சட்டகத்தைக் கைவிட்டு, எந்தச் சம்பவத்துக்கு எவ்வளவு ஆழமான விசாரணை என்பதைக் கற்கத்தக்க பயனுக்கேற்பத் தீர்மானிக்கும் புதிய சட்டகத்தை 2022இல் அறிமுகப்படுத்தியதும் இந்தத் திசையிலான நகர்வே.

குறைபாடு ஒன்றுண்டு, அது சிறியதல்ல. இந்த முறையில் பயன் என்ற பக்கமே இல்லை. செலவு மட்டும் தெரியும் கணக்கைப் பார்க்கும் நிர்வாகி, விசாரணைகளைக் குறைத்தால் போதும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆகவே எந்த விசாரணையிலிருந்து எந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது என்ற பட்டியலை அதே தாளில் எழுத வேண்டும். திருத்தம் எதுவும் வராத விசாரணைகள் எத்தனை என்பதும் அப்போது வெளிப்படும். நிமிடங்களைச் சேகரிப்பதும் கவனமாகச் செய்ய வேண்டியது. படிவம் எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாயால் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். இரவுக் கடமையில், இரு விடுதிகளை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் எழுதப்படும் படிவத்துக்கும் பகலில் எழுதப்படுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டு வாரம், இரு கடமை முறைகளிலும், படிவத்தின் ஓரத்திலேயே தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் குறிக்கச் சொல்வது போதும்.

## நான்காவது முறை: நோயாளர் பதிவேட்டு மீளாய்வும் மேலதிகத் தங்குநாளும்

அறிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வீடு திரும்பிய நோயாளரின் கட்டில் பதிவேடுகளிலிருந்து, நம்மவர் 'பீ.எச்.ரி.' என்று சொல்வதிலிருந்து, குறித்த எண்ணிக்கையை எழுமாறாக எடுத்துப் படிப்பது. அமெரிக்காவின் சுகாதாரப் பராமரிப்பு மேம்பாட்டு நிறுவகம் வகுத்த நடைமுறையில், இரு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதிவேடுகள் எடுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக, ஒரு பதிவேட்டுக்கு 20 நிமிடத்துக்கு மேற்படாமல், சில சமிக்ஞைகளை மட்டும் தேடுவார்கள்: எதிர்பாராமல் மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது, ஒரு மருந்தின் விளைவை முறிக்கும் மருந்து திடீரெனக் கொடுக்கப்பட்டது போன்றவை. பாதிப்பு உண்டென்று கண்டால் ஒரு வைத்தியர் அதை உறுதிசெய்து, தற்காலிகப் பாதிப்பு முதல் மரணம் வரையான ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார். 2011இல் மூன்று அமெரிக்க வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்றில், இந்த முறை ஏனைய வழிகளைவிடக் குறைந்தது பத்து மடங்கு பாதகச் சம்பவங்களைக் கண்டறிந்தது.

மாதம் இருபது பதிவேடுகளுக்கு வாசகர் இருவரின் நேரம் உச்சமாகப் பதின்மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும். வைத்தியரின் நேரம் வேறு. பெரிய வைத்தியசாலைக்கு இது சுமையல்ல. முதல் அளவுகோலில் இந்த முறை முழுதாகத் தேறுகிறது: விடுதி எத்தனை அறிக்கை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதன் விடை மாறாது. அறிக்கைகளையும் இந்த விடையையும் அருகருகே வைத்தால், எந்த விடுதியில் எழுதப்படாத சம்பவங்கள் மிகுதி என்பதும் தெரியவரும்.

கிரயமாக்கும் இடத்தில்தான் பொறி இருக்கிறது. சம்பவம் நேர்ந்த நோயாளர் சராசரியாக 14 நாளும் மற்றவர்கள் 6 நாளும் தங்கினார்கள் என்றால், வேறுபாடான 8 நாளும் சம்பவத்தின் செலவு என்று எழுதிவிடத் தோன்றும். கடும் நோயுடையோர் எப்படியும் நீண்ட நாள் தங்குவார்கள். நீண்ட நாள் தங்குபவர்களுக்கே விழவும் தொற்றுப் பெறவும் வாய்ப்பு அதிகம். சம்பவத்துக்கு முன் கழிந்த நாட்களை நீக்கி, வயதிலும் நோயிலும் ஒத்த, அதே நாள் வரை தங்கியிருந்த நோயாளருடன் ஒப்பிட்டால்தான் மெய்யான மேலதிக நாட்கள் கிடைக்கும். அது பெரும்பாலும் முதலில் தோன்றியதைவிடக் குறைவாகவே இருக்கும். குறைவான எண்ணைச் சபையில் சொல்ல மனம் வர வேண்டும்.

இங்கே வேறு சில இடர்களும் உண்டு. கையெழுத்துப் பதிவேட்டில் எழுதப்படாதது கண்டறியப்படாது. மயிரிழையில் தப்பியவை அறவே தெரியா. மீள் அனுமதி ஒரு நல்ல சமிக்ஞை. ஆனால் கொழும்பில் சத்திரசிகிச்சை பெற்றவர் காய்ச்சலுடன் தன் ஊர் வைத்தியசாலைக்குப் போனால் அந்தச் செய்தி கொழும்புக்கு வந்து சேராது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | நாற்பெட்டி | விலை அட்டவணை | நேரக் கிரயம் | பதிவேட்டு மீளாய்வு |
|---|---|---|---|---|
| அறிக்கை கூடினால் | கவனமாக வகுத்தால் இரு விதமாகவும் படிக்கலாம் | நட்டமாகத் தெரியும் | சராசரி குறையும் | விடை மாறாது |
| யாருடைய செலவு | தனி நிரல் வைத்தால் மட்டும் தெரியும் | தெரியாது | ஊழியர் நேரம் மட்டும் | தங்குநாள். குடும்பச் செலவு தெரியாது |
| இயல்பான அலகு | ரூபாய் | ரூபாய் | நிமிடம், பிறகு ரூபாய் | கட்டில்நாள் |
| மயிரிழையில் தப்பியவை | உள்ளகப் பெட்டியில் | பூச்சியம் | வேலையாகத் தெரியும் | தெரியா |
| அளக்கும் சுமை | நடுத்தரம், ஆண்டுக்கு ஒருமுறை | மிகக் குறைவு | குறைவு | தொடர்ச்சியானது, பயிற்சி தேவை |

## யாருக்கு எது

ஆயிரக்கணக்கான கட்டில்களுடைய அரச போதனா வைத்தியசாலைக்கு நான் சொல்வது பதிவேட்டு மீளாய்வை முதுகெலும்பாக வைத்துக்கொள்வதே. விடையைக் கட்டில்நாட்களாகவே அறிவியுங்கள். ரூபாயாக மாற்றும் வேலையைக் கணக்காளரின் அந்தந்த ஆண்டு விலையில், அடிக்குறிப்பாக மட்டும் செய்யுங்கள். நாற்பெட்டிக் கணக்கை முழு வைத்தியசாலைக்கும் எழுத முயலாமல், விழுதல், சத்திரசிகிச்சைக் காயத் தொற்று போன்ற ஓரிரு சம்பவ வகைகளுக்கு ஆண்டுக்கொருமுறை எழுதினால் போதும். அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அடுத்த ஆண்டின் மதிப்பீடுகள் தயாராகும் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன் அது கைக்கு வந்தால்தான் தவிர்ப்புச் செலவுக்கு நிதி கேட்க உதவும்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் வைத்தியசாலைகளில், பொதிக் கட்டணத்தில் சத்திரசிகிச்சை செய்பவற்றுக்கு நாற்பெட்டிக் கணக்கே சரி. மூன்று நிரல் நிபந்தனையுடன். பொதியல்லாத கட்டணத்தில் இயங்குபவற்றுக்கு அந்தக் கணக்கின் முதல் பயன், தோல்வியிலிருந்து வரும் வருமானம் எவ்வளவு என்பதைச் சபைக்குக் காட்டுவதாகவே இருக்கும். காப்புறுதி நிறுவனங்கள் அதே தகவலை ஒருநாள் கேட்கும். முதலில் தாமே அறிந்திருப்பது வைத்தியசாலைக்கு நல்லது.

அறிக்கையிடலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் இடங்களில் நேரக் கிரயத்தைத் தவிர வேறெதுவும் பொருளற்றது. முதலிரு ஆண்டுகளில் எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறும் காலத்தில் தோல்விக் கிரயத்தை அளந்தால் வளர்ச்சியை வீழ்ச்சியாக எழுதிவைப்போம்.

அளக்காமலே விடுவதும் ஒரு தெரிவுதான். முப்பது, நாற்பது கட்டில்களுடைய தனியார் மருத்துவ மனையில் மாதம் மூன்று நான்கு அறிக்கைகள் வருமானால், எந்த முறையில் கணக்கிட்டாலும் ஒரேயொரு பாரிய சம்பவம் ஆண்டுத் தொகையைப் புரட்டிப்போடும். அத்தொகையிலிருந்து எதையும் அறிய முடியாது. அங்கே ஒவ்வொரு சம்பவத்தையும் அது நடந்த வாரத்திலேயே பொறுப்புத் தாதியும் வைத்தியரும் மருந்தாளரும் அரைமணி நேரம் இருந்து பேசி, ஒரு திருத்தத்தைத் தீர்மானித்து, அதற்கு யார் பொறுப்பு என்பதையும் எப்போது முடியும் என்பதையும் பதிவேட்டில் எழுதுவது போதுமானது. அறிக்கை எழுதியவரை விளக்கம் கேட்டு அழைக்கும் வழக்கம் நீங்காத பெரிய வைத்தியசாலைக்கும் இதே விடைதான், காரணம் வேறு: அங்கே கிடைக்கும் அறிக்கைகள் மறைக்க முடியாதவை மட்டுமே. அந்த வழக்கத்தை நிறுத்தும் சுற்றறிக்கை வெளியாகி, அது மெய்யாகவே கடைப்பிடிக்கப்படுகிறது என்று விடுதிகள் நம்பும் வரை, கிரயக் கணக்குக்கு ஒதுக்கிய உத்தியோகத்தரைப் பதிவேட்டு மீளாய்வுக்கு மாற்றிவிடலாம்.